பல்லு வலிக்கு அரைப்பேரா?

வயித்துல இருக்கிற பிள்ளை தாயோட பல்லுல இருந்து சத்தை உறிஞ்சிடும், அதனால பிள்ளைக்கு ஒரு பல்லு போகத்தான் செய்யும். நம்ம லயங்கள்ல அம்மாச்சிமார் சொல்ற கணக்கு இது. நாங்களும் கேட்டுத்தான் வளர்ந்தோம். ஆனா அது உண்மையில்லை.

பிள்ளைக்குத் தேவையான கல்சியம் தாயோட பல்லுல இருந்து போறதில்லை. கர்ப்பகாலத்துல ஹோர்மோன் மாறுறதால, பல்லுல படியிற அழுக்குக்கு ஈறு அதிகமா வீங்கும், ரத்தம் கசியும். மசக்கை வாந்தியில வர்ற அமிலம் பல்லை அரிக்கும். வாந்தி எடுத்தா உடனே பிரஷ் பண்ணாம, தண்ணியால கொப்பளிச்சிட்டு அரை மணித்தியாலம் பொறுத்து விளக்கணும். கர்ப்பிணிக்குப் பல்லு வைத்தியம் செய்யக்கூடாதுங்கிறதும் தப்பு. நாலாம் மாசத்துல இருந்து ஆறாம் மாசம் வரை அதுக்கு வசதியான காலம். கடும் வலி, வீக்கம்னா எந்த மாசமும் காத்திருக்கக் கூடாது.

அடுத்தது வெத்தில. இரத்தினபுரி, கேகாலை தோட்டங்கள்ல குளிருக்கும் பசிக்கும் அதுதான் துணை. சப்ரகமுவ மாகாணத்துல 2006-07ல 30 வயசுக்கு மேற்பட்டவங்ககிட்ட நடந்த ஆய்வுல, நூற்றுக்குச் சுமார் 11 பேருக்கு வாய்ப்புற்றுநோயா மாறக்கூடிய கோளாறுகள் இருந்தது தெரிய வந்திச்சு. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்னு உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கு. அதோட புகையிலையும் சேர்ந்தா பிள்ளை எடை குறைஞ்சு பிறக்கிற ஆபத்தும் கூடும்.

இதெல்லாம் நம்ம பெண்களுக்குத் தெரியலைன்னு குறை சொல்லி முடிச்சிடலாமா? கர்ப்பிணித் தாய்மார் பல் பரிசோதனைக்குப் போகணும்ங்கிறது நம்ம நாட்டு நடைமுறை. அரசாங்க ஆஸ்பத்திரியில வைத்தியமும் இலவசம். ஆனா மலையில இருந்து டவுனுக்கு இறங்கணும். பஸ் காசு வேணும். வேலைக்குப் போறவங்களுக்கு அன்னைக்குப் பேர் விழாது, விழுந்தாலும் அரைப்பேர்தான். அங்க போனா சொல்றது சிங்களத்துல. பாதி விளங்காம, தலையாட்டிட்டு வர்ற அக்காமாரை நாங்களே பார்த்திருக்கோம். இலவசம்னு எழுதிட்டா அது இலவசமாகிடாது.

அதனால நாங்க கேட்கிறது மூணு. கர்ப்பிணிகள் பல் கிளினிக்குப் போற நாளுக்கு முழுப்பேர் போடணும். நடமாடும் பல் சிகிச்சை தோட்டத்துக்கே வரணும். விளக்கம் தமிழ்ல சொல்லணும். சந்தா வாங்குற தொழிற்சங்கங்கள் இதையும் பேச்சுவார்த்தை மேசையில வைக்கணும்.

நாங்களும் குற்றவாளிகள்தான். இரத்தசோகை பத்தி, திரிபோஷா பத்தி எத்தனையோ பேசினோம். வாயைப் பத்தி வாய் திறக்கல. இனி வீட்டுல யாராவது முழுகாம இருந்தா, கிளினிக் கார்டை எடுத்துப் பாருங்க. பல்லைக் காட்டியாச்சான்னு கேளுங்க. இல்லைன்னா நீங்களே கூட்டிட்டுப் போங்க.