பாட்டில்லாச் சடுகுடு

விளையாட்டுக்கும் மொழிக்கும் என்ன உறவு என்று கேட்பார் தமிழ்நாட்டில் மிகப் பலர். அவ்வுறவைத் தமிழனுக்கு முன்பே நன்கறிந்திருந்தவன் ஆங்கிலேயன். கி.பி. 1366-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் கில்கென்னி நகரில் கூடிய ஆங்கில ஆட்சிமன்றம், அந்நாட்டிற் குடியேறிய ஆங்கிலேயர் ஐரிய மொழி பேசலாகாது, ஐரியப் பெயர் சூடலாகாது என்று சட்டம் இயற்றியது. அதே சட்டத்தில், கோல்கொண்டு பந்தடிக்கும் அந்நாட்டு ஆட்டத்தையும் அவர்கள் ஆடலாகாது என்று தடைவிதித்தது. மொழியையும் பெயரையும் ஆட்டத்தையும் ஒரே கயிற்றிற் கட்டி ஒரே முளையில் அறைந்த சட்டம் அது. ஆளவந்தவர் மக்களே அடிமை நாட்டின் ஆட்டத்தில் மயங்கி, அம்மொழியில் ஆர்ப்பரித்து, ஈற்றில் ஐரியராகவே மாறிவிடுவரோ என்னும் அச்சமே அதன் கரணியம்.

அவ்வாட்டத்தை ஆங்கிலேயர் 'அர்லிங்கு' என்றனர். ஐரிய மொழியில் அதன் கோலுக்குக் 'கமான்' என்று பெயர். வளைந்தது என்னும் பொருள் தரும் 'காம்' என்னும் அடியிற் பிறந்த சொல் அது. தமிழில் வளைகோல் என்றால் அப்பொருள் அப்படியே வந்து பொருந்தும். தடைச்சட்டம் தாளிற் கிடந்தது. ஆட்டம் வயல்வெளியிற் கிடந்தது. ஐந்நூறு ஆண்டுகட்குப்பின், 1884 நவம்பர் முதல் நாளன்று, தர்லெசு என்னும் சிற்றூரின் உணவு விடுதியொன்றில் ஒரு சிலரே கூடி, ஐரிய நாட்டு ஆட்டங்களைக் காக்கும் 'கேலிக்கு விளையாட்டுக் கழகம்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். அதற்கு மூலவராயிருந்த மைக்கேல் கியூசாக்கு என்பவர் ஒரு பள்ளியாசிரியர். ஐரிய மொழி பேசும் ஊரிற் பிறந்தவர். பெருஞ்செல்வரோ படைத்தலைவரோ அல்லர்.

அக்கழகம் நடத்திய முதல் நாடு தழுவிய வளைகோல் இறுதியாட்டம் 1888 ஏப்பிரல் முதல் நாளன்று நடந்தது. தர்லெசு ஊரினர் திப்பரரி மாவட்டத்தின் சார்பாகவும், மீலிக்கு ஊரினர் கால்வே மாவட்டத்தின் சார்பாகவும் அணிக்கு 21 பேராக மோதினர்; தர்லெசு வென்றது. ஆட்டம் நடந்த ஊரின் பெயரே இங்குக் கருதத்தக்கது. பார்சன்சு என்னும் ஆங்கில நிலக்கிழார் குடியின் பெயரால் 'பார்சன்சு டவுன்' என்று அரசு ஏடுகள் அதனைக் குறித்துவந்தன. மக்கள் வாயில் அதன் பழம்பெயர் பிர். ஏட்டுப்பெயர் அழிந்தது, வாய்ப்பெயர் நின்றது. இன்று அவ்வூர் பிர் என்றே வழங்குகிறது. அவ்வூர்க் கழகமும் அப்பெயரையே தாங்கி, 1995, 1998, 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் கழகங்களுக்கிடையேயான அனைத்து அயர்லாந்து வாகையை நான்குமுறை சூடியது. அங்கு ஆடுவோர் எவர்க்கும் ஊதியமில்லை. இறுதியாட்டத்தில் எண்பதினாயிரம் பேர் முன்னிலையில் ஆடியவன், மறுநாள் காலை பள்ளியிற் பாடம் நடத்துவான், அல்லது மாட்டுக் கொட்டிலுக்குச் செல்வான். தன் ஊர்ப்பெயருக்காகவே அவன் ஆடுகிறான்.

இனித் தேவதானப்பட்டிக்கு வருவோம். வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் செல்லும் வழியில், மஞ்சளாற்றை ஒட்டி, கொடைக்கானல் மலையடியில் அமைந்த பேரூர். அதற்கும் பிர் நகரைப் போன்றே இரு பெயர்கள். தேவதானம் என்பது கோயிலுக்கு விடப்பட்ட நிலத்தைக் குறிக்கும் கல்வெட்டுச் சொல். ஆள்வோரின் ஏட்டிலிருந்து ஊருக்கு இறங்கிய பெயர். ஆயின் அவ்வூர் அம்மனை மக்கள் 'மூங்கிலணை' என்னும் அடைகொடுத்தே அழைப்பர். ஆற்று வெள்ளத்தில் மிதந்துவந்த பெட்டியை மூங்கிற்புதர் அணைபோல நின்று தடுத்தது என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லும் கதை. கதை எவ்வாறாயினும், மூங்கிலையும் அணையையும் சேர்த்து ஒரு தெய்வத்துக்குப் பெயரிட்ட அந்த நாவின் திறம் வியக்கத்தக்கது. புலவன் எவனும் இட்ட பெயரன்று அது.

அத்தகைய நாவுடைய ஊர்களில்தான் இன்று பொங்கல் தோறும் சடுகுடுப் போட்டி நடக்கிறது. தேவதானப்பட்டி தொடங்கிக் கம்பம், கூடலூர் வரை அப்பள்ளத்தாக்கு முழுதும் இதுவே நிலை. சுவரொட்டியைப் பார்த்தால் 'பாய்சு', 'பிரண்டுசு', 'பிரதர்சு' என்றே குழுப்பெயர்கள். ஒலிபெருக்கி முழங்குவது 'ரெய்டு', 'டேக்கிள்', 'போனசு', 'செமிபைனல்', 'பைனல்'. ஆடுகின்றவன் உழவன் மகன். பார்க்கின்றவள் களையெடுத்துத் திரும்பிய தாய். அறிவிப்பவனோ அதே தெருவினன். இவர்களுள் எவருக்காக அந்த ஆங்கிலம்? பாடிச்செல்பவன், பிடிப்பவர், நடுக்கோடு, அரையிறுதி என்று சொன்னால் விளங்காதவர் அத்திடலில் ஒருவருமிலர்.

ஆயினும் பெயர்ப்பலகையும் ஒலிபெருக்கியும் மேற்றோல் மட்டுமே. நோய் அதனினும் ஆழத்தில் உள்ளது. சடுகுடுவில் எதிரணி எல்லைக்குள் ஏறிச்செல்வதற்குத் தமிழில் என்ன பெயர்? பாட்டு! 'பாடிப் போனான்', 'பாட்டில் அடித்தான்', 'பாட்டை நிறுத்திவிட்டான்' என்பனவே ஊர்வழக்கு. மூச்சை அடக்கிக்கொண்டு, சந்தம் கெடாமல், ஒரு பாட்டை இடையறாது பாடிக்கொண்டே எதிரியைத் தொட்டு மீள்வதே அவ்வாட்டத்தின் உயிர். அப்பாட்டு ஊருக்கு ஊர் வேறு. ஓரூரிலேயே ஆளுக்கு ஆள் வேறு. ஒருவன் தன் பாட்டன் பெயரைச் சொல்லி மார்தட்டுவான்; மற்றொருவன் எதிரியை எள்ளி நகையாடுவான்; இன்னொருவன் பொருளற்ற ஒலிகளையே எதுகை மோனையோடு அடுக்கிப் பார்ப்போரை மயக்குவான். எழுத்தறியாத சிறுவன் யாப்பறிந்து பாடிய களம் அது. பாவாணர் 1954-இல் 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' என்று தனி நூலே எழுதினார் என்றால், விளையாட்டு விளையாட்டன்று, மொழியின் விளைநிலம் என்பதை அவர் உணர்ந்திருந்தமையே அதற்குக் கரணியம்.

அந்தப் பாட்டு இன்று குற்றம்! மராட்டிய மண்ணில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒழுங்குபடுத்தப்பட்டு, பின்னர் இந்தியா முழுமைக்கும் பொதுவாக்கப்பட்ட நெறிகளின்படி, பாடிச்செல்பவன் 'கபடி, கபடி' என்னும் ஒரே சொல்லையே சொல்லிக்கொண்டு செல்லவேண்டும். வேறு எதைப் பாடினாலும் நடுவர் அவனைத் திருப்பியனுப்புவார். ஏறும் முறை எதிரணிக்குப் போய்விடும். கைபிடி என்பதன் திரிபே கபடி, ஆதலின் அது தமிழ்ச்சொல்லே என்று ஆறுதல் கூறுவாரும் உளர். அது உண்மையேயாயினும் ஆறுதலுக்கு இடமில்லை. ஆயிரம் பாட்டிருந்த வாயில் ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்துவிட்டு, அச்சொல் தமிழ்தான் என்று மகிழ்வது, தோப்பை வெட்டியவன் ஒரு மரத்தைக் காட்டி நிழல் பாராட்டுவதற்கு ஒப்பாகும்.

நெறியை ஏற்போர் கூறும் ஏது ஒன்று உண்டு. அதனை ஒதுக்கிவிடுதல் நேர்மையன்று. பஞ்சாபியும் மராட்டியனும் தமிழனும் மோதும் களத்தில், நடுவர்க்கு எல்லார் பாட்டும் விளங்குமா? ஒரு பொதுச்சொல் இருந்தாலன்றோ மூச்சு அறுந்ததா இல்லையா என்று காணமுடியும்? பிறநாட்டாரோடும் பிறமாநிலத்தாரோடும் ஆடுங்கால் இவ்வேது ஏற்கத்தக்கதே. 1990-இல் பெய்சிங்கில் நடந்த ஆசிய விளையாட்டில் சடுகுடு இடம்பெற்றதற்குப் பொதுநெறி துணைநின்றதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் தேவதானப்பட்டிக் குழுவும் பக்கத்தூர்க் குழுவும், தமிழ் நடுவர் முன்னிலையில், தமிழ் மண்ணில் மோதுங்கால் எந்த மராட்டியனுக்கு விளங்கவேண்டும் என்று அப்பாட்டை நிறுத்துகின்றனர்? மேலும், இன்றைய நெறிப்படி ஓர் ஏற்றத்துக்கு 30 நொடி என்று கடிகாரமே வரையறுத்துவிட்டது. மூச்சை அளந்த பாட்டின் வேலையைக் கடிகாரம் எடுத்துக்கொண்டபின், வாய்க்குள் முணுமுணுக்கும் அந்த ஒற்றைச் சொல் வெற்றுச் சடங்கேயன்றி வேறென்ன?

பணம் புகுந்த இடத்தில் நிலைமை இன்னும் இரங்கத்தக்கது. 2014-இல் தொடங்கிய முதலாளியச் சடுகுடுத் தொடரில் 2017 முதல் தமிழ்நாட்டின் பெயரால் ஆடும் அணிக்குத் 'தமிழ் தலைவாசு' என்று பெயர். தலைவர் என்னும் தூய தமிழ்ச்சொல்லின் வாலில் ஆங்கிலப் பன்மையீற்றைக் கட்டியதோடு, இடையில் வரவேண்டிய வல்லெழுத்தையும் விழுங்கிவிட்டனர். தமிழின் பெயரைச் சொல்லும்போதே தமிழைப் பிழைபடச் சொல்லும் இத்திறம் வேறெந்த இனத்துக்கும் வாய்த்ததில்லை.

பெரியகுளத்தில் பல பத்தாண்டுகளாக அனைத்திந்தியக் கூடைப்பந்துப் போட்டியை நடத்திவரும் கழகம் பெருமைக்குரியது. மாம்பழக் காலத்து வேனில் இரவுகளில், படையணிகளும் வங்கியணிகளும் வந்தாடும் இறுதியாட்டத்தைக் காண ஊரே திரள்கிறது. ஒரு சிற்றூர்ப்புற நகர் தன் முயற்சியால் அத்தகைய மரபை வளர்த்தது எளிய செயலன்று. அக்கழகத்தின் பெயரோ 'சில்வர் சூபிலி'. 'வெள்ளிவிழா' என்று மொழிந்தால் அதன் மரபில் ஒரு மணியும் குறையாது. சுற்றுவட்டாரச் சிறுவர் தம் கழகங்கட்குப் பெயரிடும்போது பின்பற்ற ஒரு நல்ல பெயரும் கிடைக்கும்.

ஆனால் பெயர் மாற்றத்தோடு கடமை முடிந்தது என்று எண்ணும் தமிழன்பர்களுக்கு அயர்லாந்தே கடுமையான பாடம். அங்கு ஆட்டத்தைக் காக்க அவர்கள் செய்யாதது எதுவுமில்லை. அயல்நாட்டு ஆட்டங்களை ஆடிய உறுப்பினரைக் கழகத்தினின்றும் நீக்கும் நெறியை 1971 வரை கடைப்பிடித்தனர். 1920 நவம்பர் 21-இல் அக்கழகத்தின் தலைமைத் திடலுக்குள் ஆங்கில அரசின் படையினர் புகுந்து சுட்டதில் 14 பேர் மாண்டனர். அவருள் ஒருவர் ஆடிக்கொண்டிருந்த ஆட்டக்காரர். குருதி கொடுத்து அவர்கள் ஆட்டத்தைக் காத்தனர். கழகங்களுக்கு ஐரியப் பெயர் சூட்டினர். வென்ற தலைவன் கோப்பையைத் தூக்கும்போது முதற்சில சொற்களை ஐரிய மொழியிற் பேசுவது இன்றும் மரபு.

பேசிவிட்டு, எஞ்சிய உரையை அவன் ஆங்கிலத்தில் நிகழ்த்துகிறான்! 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஐம்பது இலக்கத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் அந்நாட்டில், கல்விக்கூடத்துக்கு வெளியே நாள்தோறும் ஐரிய மொழி பேசுவோர் 71,968 பேர் மட்டுமே. பஞ்சமும் புலம்பெயர்வும் ஆங்கிலப் பள்ளியும் அம்மொழியை முன்னரே அரித்துவிட்டன என்பது மெய். ஆயினும் கழகக் கூட்டமும் கணக்கும் பயிற்சியும் திடலில் எழும் கூச்சலும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிகழ்ந்துவந்தன என்பதும் மெய். பலகையில் ஐரியம், வாயில் ஆங்கிலம். வளைகோல் வாழ்கிறது, அதற்குப் பெயரிட்ட நாக்கு ஒடுங்கிவிட்டது. தமிழர் நிலை இதற்கு நேர்மாறானது. மொழி இன்னும் தெருவெங்கும் உயிரோடுள்ளது. களத்தினுள் நுழையும் வாயிலில் மட்டும் அதனைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்கின்றனர். ஐரியன் பறிகொடுத்தான், தமிழனோ தானே கழற்றுகிறான். பறிகொடுத்ததை மீட்கத்தான் தலைமுறைகள் வேண்டும். கழற்றியதை எடுத்து அணிய ஒரு பொங்கல் போதும்.

தேவதானப்பட்டிச் சுற்றுவட்டாரத்துக் குழுக்கள் இதனை எவர் ஒப்புதலையும் வேண்டாமலே செய்யலாம். மாநில, நாட்டளவிலான தேர்வுக்குரிய போட்டிகள் பொதுநெறிப்படியே நடக்கட்டும். ஊர்ப்பொங்கல் போட்டியில், இறுதியாட்டம் உட்பட எல்லாச் சுற்றுகளிலும், அவரவர் தம் ஊர்ப்பாட்டைப் பாடிச் செல்லலாம் என்று அறிவிப்புத்தாளிலேயே அச்சிடட்டும். பாட்டு அறாமல் ஓடுகிறதா என்று பார்க்கும் நடுவராக ஊரின் பழைய ஆட்டக்காரர் ஒருவரை அமர்த்தட்டும். சிறந்த பாட்டுக்குத் தனிப்பரிசு ஒன்று வைக்கட்டும். குழுப்பெயர் ஊர்ப்பெயராக இருக்கட்டும். தெருவுக்கொன்றும் குலத்துக்கொன்றுமாகப் பிளந்து கிடப்பதற்கு அதுவே முதல் மருந்து. பெண்பிள்ளைகளும் இன்று சடுகுடு ஆடுகின்றனர். அவர்கள் புதிய பாட்டுகளைக் கட்டிப் பாடினால் அது பழம்பாட்டினும் சுவையாக இருக்கவும் கூடும்.

இவற்றுக்கெல்லாம் முன்னர்ச் செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. இளமையில் சடுகுடு பாடி, இன்று எழுபதைக் கடந்துவிட்ட முதியோர் அவ்வூர்த் திண்ணைகளில் இன்னும் இருக்கின்றனர். அவர்களை அணுகிக் கேட்டு, ஒவ்வொரு பாட்டையும் பாடியவாறே எழுதிக்கொள்ள ஒரு நாற்பது பக்க ஏடும் ஒரு தூவலும் போதும். வரும் பொங்கலுக்கு முன்னரே அவ்வேடு நிரம்பவேண்டும்.