பழைய வண்டின்னா ஆடத்தான் செய்யுமா?

"வண்டி பழசு சார், அப்படித்தான் ஆடும்." மெக்கானிக் ஷெட் வாசலை மிதித்த எல்லாரும் கேட்டிருக்கும் வசனம். இங்கே நாக்பூரில் "புரானி காடி ஹை சாப்" என்பார்கள். மொழிதான் வேறே, கைவிரிப்பு ஒண்ணுதான். கார் ரிப்பேர் தொழிலில் இதைவிடப் பெரிய ஏமாற்று வேலை கிடையாது என்பது என் கட்சி.

திங்கட்கிழமை ஷெட்டில் விடும்போது 100-லும் ஆடாத ஸ்டியரிங், வியாழக்கிழமை திரும்பி வந்ததும் 85-லேயே உதறுகிறது. நடுவில் மூணு நாளில் வண்டிக்கு வயசாகிவிட்டதா என்ன? கை வைத்த இடத்தில் ஏதோ நடந்திருக்கிறது, அவ்வளவுதான். பேங்கில் சாயங்காலம் கணக்கு உதைத்தால் இருக்கிற லெட்ஜரையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்க மாட்டோம். அன்றைய வவுச்சரைத்தான் முதலில் புரட்டுவோம். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால், ஏதோ ஒரு தொகையில் எண்கள் இடம் மாறியிருக்கும் என்று தேடுவோம். தப்புக்கும் ஒரு கையெழுத்து உண்டு. கார் அதிர்வுக்கும் அப்படித்தான்.

என் ஹேட்ச்பேக்குக்கு 15 வயசு. கிளட்சும் முன் பிரேக் பேடும் மாற்ற விட்டேன். திரும்பி வந்தபின் பூட்டிபோரி தாண்டி 85-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் கையில் நடுங்குகிறது. திரும்பக் கொண்டுபோய் விட்டேன். முதல் தடவை அலைன்மென்ட் செய்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை. அடுத்து நாலு ஷாக் அப்சார்பரும் போச்சு என்றார்கள். அப்புறம் ஸ்டியரிங் ராக். எஸ்டிமேட் 31,000 ரூபாய். இத்தனைக்கும் ஒருத்தராவது என்னோடு உட்கார்ந்து ஹைவேயில் ஓட்டிப் பார்க்கவில்லை. ஷெட் இருக்கும் சந்தில் 40-ல் ஒரு ரவுண்டு அடித்து "சப் டீக் ஹை" என்று சாவியைக் கொடுத்தார்கள். 90-ல் வரும் வியாதியை 40-ல் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. 165/80 டயர், 14 அங்குல ரிம். ஒரு சுற்றுக்குச் சுமார் 1.95 மீட்டர் உருளும். 90 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 25 மீட்டர், அதாவது சக்கரம் விநாடிக்குச் சுமார் 13 முறை சுற்றுகிறது. ரிம் ஓரத்தில் ஒரு பக்கம் 30 கிராம் எடை குறைந்தால், அந்த வேகத்தில் ஏறக்குறைய மூன்றரை கிலோ விசை விநாடிக்கு 13 தடவை உதைக்கும். 45-ல் அதில் கால்வாசிதான். அதனால்தான் ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றுமே தெரியாது.

அலைன்மென்ட் வேறு, பாலன்ஸிங் வேறு. அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வரும் நடுக்கத்துக்குப் பெரும்பாலும் பாலன்ஸிங்தான் காரணம். இதைக்கூடப் பிரித்துச் சொல்லாமல் பில் போடுகிறார்கள்.

செலவே இல்லாமல் நாமே பார்க்கக் கூடியவை இவை:

1. எல்லாவற்றுக்கும் முன்னால் வீல் நட். சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு புதிதாக ஆட்டம் வந்தால், வேகம் குறைத்து ஓரம் கட்டி நட்டுகளைப் பாருங்கள். எதிரெதிராக, நட்சத்திர வரிசையில் முடுக்க வேண்டும். 50-100 கி.மீ. ஓடியபின் இன்னொரு தடவை பார்ப்பது நல்லது. இது உயிர் விஷயம்.

2. எங்கே நடுங்குகிறது? ஸ்டியரிங்கில் என்றால் முன் சக்கரம். சீட்டிலும் தரையிலும் என்றால் அநேகமாகப் பின் சக்கரம்.

3. பிரேக் அழுத்தும்போது மட்டும் உதறினால் டிஸ்க்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

4. காலியான நேர் ரோட்டில், ஆடும் வேகத்தில் நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். எஞ்சினை அணைக்கவே கூடாது, பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். நியூட்ரலிலும் ஆட்டம் தொடர்ந்தால் சக்கரம், டயர் பக்கம். ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் வந்தால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட், எஞ்சின் மவுண்ட் பக்கம். கிளட்ச் மாற்ற ஷாஃப்ட்டைக் கழற்றித்தான் ஆகணும் என்பதால் இதை அவசியம் பாருங்கள்.

5. முன் சக்கரங்களைப் பின்னாலும், பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். நடுக்கம் ஸ்டியரிங்கிலிருந்து சீட்டுக்கு இடம் மாறினால் குற்றவாளி சக்கரமேதான்.

எனக்கு ஐந்தாவதில் பிடிபட்டது. வேறொரு டயர் கடையில் மெஷினில் ஏற்றினால் ஒரு சக்கரத்தில் 35 கிராம் குறைவு. கிளிப் எடை இருந்த இடத்தில் ரிம்மில் தடம் மட்டும் இருக்கிறது. கழற்றிப் போட்டபோது உதிர்ந்திருக்கும். சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. இப்போது 100-லும் ஸ்டியரிங் அசையவில்லை.

அந்தக் கடைக்காரர் மாதிரி அளந்து பார்த்துச் சொல்லும் தொழிலாளிகளும் இருக்கிறார்கள். என் சண்டை அளக்காமல் பார்ட்ஸ் மாற்றுகிறவர்களோடுதான்.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. "அத்தான், அதை வித்துத் தொலைச்சிட்டுப் புதுசு எடுங்க" என்று மச்சான் போனில் சொல்கிறான். லோன் கொடுக்கும் நாற்காலியிலிருந்தே பதில் சொல்கிறேன். ஆறு லட்சம், 9 சதவீதம், ஐந்து வருஷம் என்றால் மாசம் 12,455 ரூபாய். வட்டி மட்டும் ஒன்றரை லட்சத்தை ஒட்டி வரும். 35 கிராம் எடைக்காகவா? வேண்டும் என்று வாங்கினால் சரி. ஒருத்தர் சோம்பேறித்தனமாக நோயறிந்ததற்காக வாங்கக் கூடாது.

வெளியூரில் இருக்கிற நமக்கு இதில் அக்கறை அதிகம் வேண்டும். லீவு விட்டதும் பெண்டு பிள்ளைகள், வயசான அம்மா அப்பாவோடு என்.எச். 44-ல் இறங்குகிறோம். நாக்பூரிலிருந்து பெங்களூருக்கே ஆயிரம் கி.மீ.க்கு மேல். சேலம், மதுரை அதற்கும் அப்பால். நட் முடுக்காத சக்கரத்தோடு அந்த ரோட்டில் போக முடியாது. ரிப்பேர் முடிந்த வண்டியை ஊருக்குக் கிளம்பும் முதல் நாள் ராத்திரி எடுக்காதீர்கள். ஒரு வாரம் முன்னாலேயே எடுத்து, பணம் கொடுக்கும் முன் மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு ஹைவேயில் ஓட்டிக் காட்டுங்கள். என்ன கழற்றினார்கள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பார்ட்டைக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அரைகுறை வேலையும் சேவைக் குறைபாடுதான்.

கொசுறு: அடுத்த தடவை "பழசு சார்" என்றால், "போன வாரமும் பழசுதானே, அப்போ ஏன் ஆடலை?" என்று கேளுங்கள். பதில் வராது :-)