வாழாவெட்டி என்னும் வசைச்சொல்

கணவனைப் பிரிந்து பிறந்தகம் மீண்ட பெண்ணைத் தகடூராகிய தருமபுரியின் சிற்றூர்கள் இன்றும் 'வாழாவெட்டி' என்றே சுட்டுகின்றன. மனைவியைக் கைவிட்டு ஓடியவனைச் சுட்ட அச்சொல்லுக்கு ஆண்பால் இல்லை! தூய தமிழேயாயினும் தூக்கியெறியத் தக்க சொல் அது.

வானம் பார்த்த நிலம் பொய்க்க, கட்டட வேலைக்குப் பெங்களூருக்கும் பின்னலாடை வேலைக்குத் திருப்பூருக்கும் செல்லும் ஆடவருள் சிலர் திரும்புவதில்லை. பென்னாகரத்திலோ அரூரிலோ எஞ்சி நிற்பவளிடம் கணவனும் இல்லை. மணமுறிவுத் தீர்ப்பும் இல்லை. கேழ்வரகு அறுத்தும் புளி தட்டியும் பிள்ளைகளை வளர்க்கின்றாள்.

சட்டம் இருக்கின்றதே என்பர். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 சூலை முதல் 'பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதா'வின் 144-ஆம் பிரிவாகிவிட்டது. (தன் சோற்றுக்கு வழிசெய்யும் சட்டத்தின் பெயரைத் தமிழ்ப்பெண் வாயால் சொல்லவும் இயலாதபடி வைத்திருக்கின்றனர் வடவர்!) தான் வாழும் ஊரிலேயே அவள் வழக்கிடலாம். திங்களுக்கு 500 உருபா என்றிருந்த வரம்பும் 2001-இல் நீங்கிற்று. முறையிட்ட நாளிலிருந்தே தொகையைக் கணக்கிடுக என 2020-இல் உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும், நாட்கூலிக்காரனின் வருவாய்க்குச் சான்று எங்கே? அவன் கொடாத தொகைக்கு ஓராண்டுக்குள் முறையிடாவிடின், அந்நிலுவையை அப்பிரிவின் வழித் தண்டவும் இயலாது.

கைவிடப்பட்ட மகளிர்க்குத் தமிழக அரசு 1986-இல் தொடங்கிய ஓய்வூதியம் 2023-இல் 1,200 உருபாவாயிற்று. நன்று. ஆனால் முறைமன்றச் சான்று இல்லாதவள், கைவிடப்பட்டு ஐந்தாண்டு கழித்தே அதனைப் பெறலாம் என்பது விதி. அவ்வைந்தாண்டும் பசிக்காதோ? பிள்ளைகள் சிறியராயிருப்பதும், கந்துவட்டிக்காரன் வாயில் ஏறுவதும் அக்காலத்தில்தானே! தமிழகத்தில் மகளிர் தன்னுதவிக் குழுக்கள் 1989-இல் முதன்முதல் முளைத்தது இம்மண்ணில்தான். குழு தருவதோ கடன். அதனை அடைக்கவும் கூலி வேண்டும்.

எஞ்சுவது நிலம். பெண்ணுக்கு உடைமையுரிமை வேண்டுமென 1929-இல் செங்கற்பட்டுத் தன்மதிப்பு மாநாடு கேட்டது. 1989-இல் தமிழகம் சட்டம் செய்தது. தில்லி விழித்தது 2005-இல். இன்றும், மணத்திற்குப் போட்ட நகையைக் கணக்குக் காட்டி, உடன்பிறந்தாளிடம் விடுதலை ஆவணத்தில் கையொப்பம் வாங்கும் தமையன்மார் உளர். மேடையேறி மொழியுரிமை முழங்குவோரும் அவருள் உளர்! அவள் மீண்டு வருங்கால் அவ்வீட்டில் முதலில் விருந்தாளி. சில திங்களில் சுமை.

அரசு அவ்வைந்தாண்டு விதியை நீக்குக; ஊர் அலுவலரின் நேருசாவலே சான்றாகுக. தமிழுணர்வுடைய இல்லத்தார், நிலப் பங்கீட்டிற்குப் பதிவகம் செல்லும்போது மகளின் பெயரையும் ஆவணத்தில் எழுதுக.