கண்ணோரச் சுருக்கமும் இரு பொய்களும்

சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் கூடும் இரவுச் சந்தைகளில் முகப்பூச்சுக் களிம்புகள் சிறுசிறு குப்பிகளில் அடுக்கி விற்கப்படுகின்றன. சில நாள்களில் கண்ணோரச் சுருக்கம் மறையும் என்பது விற்பவர் வாக்கு. அதே ஊர்களின் இலக்கிய மேடைகளிலோ, தோட்டத்துத் தாயின் முகச் சுருக்கம் உழைப்பின் அணிகலன் எனப் புகழப்படுகிறது. ஒருவர் சுருக்கத்தைப் பகையாக்குகிறார். மற்றவர் அதனைப் பதக்கமாக்குகிறார். முரண்பட்டவர்போல் தோன்றும் இவ்விருவரும் ஒரு செயலில் ஒன்றுபடுகின்றனர். அச்சுருக்கம் எதனால் வந்தது என்னும் கேள்வியை இருவரும் எழவிடுவதில்லை.

காரணம் மறைபொருளன்று. கண்ணைச் சுற்றியுள்ள தோல் மிக மெல்லியது. சிரிக்கும்போதும் கண்ணை இடுக்கும்போதும் அங்குள்ள வளையத் தசை சுருங்கித் தோலை மடிக்கிறது. இளமையில் அம்மடிப்பு உடனே விரிந்துவிடும். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் இழைகள் நலிந்தபின் மடிப்பு கோடாக நிலைத்துவிடுகிறது. முதுமை அவ்விழைகளை மெல்ல நலிவிக்கும். வெயிலின் புறவூதாக் கதிர் விரைந்து நலிவிக்கும். புகைப்பழக்கம் அதற்குத் துணை நிற்கும். கருநிறத் தோலை மெலனின் ஓரளவு காக்குமேயன்றி முற்றாகக் காக்காது.

கெடாவின் தோட்டப்புறத்தில் இக்காரணங்கள் ஒருங்கே கூடின. பால்மரம் சீவியவர்க்கு மரநிழலேனும் இருந்தது. பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டபோது, இளங்கன்றுகளுக்கிடையே களையெடுத்த பெண்களுக்கு அந்நிழலும் இல்லாமற்போயிற்று. தலைக்கு ஒரு துண்டு இருந்தது. கண்ணுக்கு மறைப்பேதும் இல்லை. கூசும் ஒளியில் கண்ணை இடுக்கியே பணிக்காலத்தைக் கழித்தவர் பலர். அவ்வொளி செய்யும் கேடு தோலோடு நிற்பதன்று. கருவிழிமேல் படரும் சதைவளர்ச்சிக்கும், பார்வையை மறைக்கும் கண்புரைக்கும் அதே புறவூதாக் கதிர் ஒரு காரணமாகும். ஆகவே, வெயிலில் உழைப்பவரின் கண்ணோரக் கோட்டை வெறும் அழகுச் சிக்கல் என ஒதுக்குதல் தகாது. கண் எவ்வளவு வெயிலைத் தாங்கியது என்பதற்கு அது சான்று.

விற்பவரின் பொய்யை முதலில் நோக்குக. பாதரசம் கலந்த களிம்பு மெலனின் உருவாவதைத் தடுத்துத் தோலை வெளுக்கச் செய்கிறது. சுருக்கத்தின் வேரை அது தொடுவதேயில்லை. தோல்வழி உட்புகும் பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும்; பூசியவரின் கையும் துணியும் பட்டுக் குழந்தையையும் சென்றடையும். 2013இல் உருவான மினமாட்டா உடன்படிக்கை பாதரச ஒப்பனைப் பொருள்களை ஒழிக்கப் பணிக்கிறது. பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின் ஆகியவை கள்ளத்தனமாகக் கலந்த களிம்புகளைப் பெயர்சுட்டி மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளும் பலமுறை எச்சரித்துள்ளனர்.

ட்ரெட்டினோயின் தன்னளவில் மருந்தே. மெல்லிய சுருக்கங்களைக் குறைக்க அமெரிக்க மருந்து நிருவாகம் 1995இல் அதனை ஏற்றது. ஆயினும் அது தோலில் எரிச்சலூட்டும், வெயில் தாங்கும் ஆற்றலைக் குறைக்கும், கருவுற்றோர்க்கு ஆகாது. மருத்துவர் கைக்குரியதைச் சந்தைக் குப்பியில் அடைப்பது குற்றமே. கண்ணோரக் கோடுகளுக்கென 2013இல் அங்கு ஒப்புதல் பெற்ற பொட்டுலினம் ஊசியோ தசையைத் தளர்த்திச் சில மாதங்களே பயன் தரும். மீண்டும் மீண்டும் பணம் செலுத்த வல்லார்க்கே அது உரியது.

மேடையின் பொய் இதனினும் நயமானது. ஆதலின் எளிதில் அகப்படுவதில்லை. தாயின் முகச் சுருக்கத்தைப் பாடுவோர், அத்தாய்க்கு விளிம்பகன்ற தொப்பி வழங்குமாறு தோட்ட நிருவாகத்திற்கு ஒரு வரியேனும் எழுதியதுண்டா? உழைப்பைப் போற்றுவது வேறு. உழைப்பிடத்தில் நேர்ந்த காயத்தைப் போற்றுவது வேறு. தொழிலாளரின் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் பேணும் கடமையை 1994ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளிமேல் சுமத்துகிறது. வெயிலும் அக்கடமையுள் அடங்கும் என்று வாதிடுவதே மேடைக்குப் பெருமை. சோற்றுக்கு அல்லாடியவர்க்குச் சுருக்கம் ஒரு கவலையா எனச் சிலர் வினவக்கூடும். தொப்பியும் நிழலும் ஒப்பனைப் பொருள்கள் என எண்ணுவோரே அவ்வாறு வினவுவர்.

இன்று தமிழர் பெரும்பாலோர் தோட்டம் நீங்கி நகர்ப்புறம் சேர்ந்துவிட்டனர். செம்பனைத் தோட்டங்களில் அயல்நாட்டுத் தொழிலாளர் பலர் உழைக்கின்றனர். வெயில் மட்டும் மாறவில்லை. 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரைமணி முன்தள்ளப்பட்டது. அதன்பின் கெடாவில் கதிரவன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1 மணிக்கு மேலேதான். பள்ளி முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பும் வேளை நடுவெயில் வேளை என்பதை ஆசிரியர் உணர்தல் வேண்டும்.

அவர்கள் கற்பிக்க வேண்டியவை எளியவை: குடையும் தொப்பியும் நாணத்திற்குரியன அல்ல, புறவூதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும், 30க்குக் குறையாத காப்பெண் கொண்ட வெயில்காப்புப் பூச்சும் எந்தக் களிம்பினும் மேலானவை, பார்வை மங்கிய முதியோர்க்கு ஏற்ற மூக்குக்கண்ணாடி கண்ணை இடுக்கும் தேவையைக் குறைக்கும், உட்பொருள் குறிக்காத குப்பி வீட்டிற்குள் வரலாகாது.

பாட்டியைப் பற்றிக் கட்டுரை எழுதப் பணிக்கும் ஆசிரியர், அவர் கண்ணோரக் கோடுகளுக்கு உவமை தேடச் சொல்லுமுன், அக்கண்களில் புரை படர்ந்திருக்கிறதா எனப் பார்த்துவரச் சொல்லட்டும்.