ஆக்சியோ ஏற்காடு!

ஹாரி பாட்டர் படித்தவர்களுக்கு "ஆக்சியோ" மந்திரத்தை அறிமுகப்படுத்தவே வேண்டாம். பொருளின் பெயரைச் சொன்னால் பறந்து வரும். நான்காம் புத்தகத்தில் (2000) டிராகனைச் சமாளிக்க ஹாரி தன் துடைப்பத்தை வரவழைத்தது இப்படித்தான்.

ஆனால் எல்லாமே வந்துவிடாது. ஆறாம் புத்தகத்தில் (2005) குகைக்குள் ஹார்க்ரக்ஸைக் கூப்பிட்டான்; அது வரவில்லை, தண்ணீரிலிருந்து பிணம்தான் எழும்பியது! ஏழாவதில் (2007) ஹெர்மயனி சொல்வது இன்னும் முக்கியம். சாப்பாட்டை வெறும் காற்றிலிருந்து உண்டாக்க முடியாது. இருக்கும் இடம் தெரிந்தால் வரவழைக்கலாம். அதாவது, இங்கே வருவது வேறெங்கோ குறைகிறது.

நம்பாதவர்கள் ஏற்காட்டைப் பார்க்கலாம். சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் காபியை வரவழைத்தார். காபி வந்தது, காடு இடம் விட்டது. பிறகு மேட்டூர் அலுமினிய ஆலை (உற்பத்தி தொடங்கியது 1965) கூப்பிட்டது. மலையின் பாக்சைட் இறங்கிப் போனது. காபிச் செடியை மறுபடி நடலாம். பாக்சைட்டை?

வந்ததைத் திருப்பி அனுப்பும் மந்திரமும் கதையில் உண்டு. மலைக்கு அது கிடையாது. ஆகவே "வா" என்று சொல்வதற்கு முன், "எங்கிருந்து?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.