மணலும் இறாலும் ஒரே கணக்கில்

பழவேற்காடு ஏரியின் முகத்துவாரம் மணலால் அடைபடுவது புதிதல்ல. தோண்டித் திறந்தால் சில மாதங்களில் மறுபடி தூர்ந்துவிடும். அதனால்தான் சுமார் 27 கோடி ரூபாயில் இருபுறமும் நேர்கல் சுவர் எழுப்பும் திட்டம் வந்தது. சுவர் தேவைதான். ஆனால் இப்படிப்பட்ட சுவர்களின் நீளத்தையும் கோணத்தையும் இன்று கணினி மாதிரியே சொல்கிறது. அந்த மாதிரிக்குள் எது சேர்ந்தது, எது விடுபட்டது என்பதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

தென்மேற்குப் பருவத்தில் அலை சாய்ந்து விழுந்து மணலை வடக்கே தள்ளுகிறது. சென்னைக் கரை மீனவர்கள் தெண்டி வெள்ளம் என்று சொல்லும் நீரோட்டத்துக்கும் அதே திசை. வடகிழக்குப் பருவத்தில் இது மாறினாலும், ஆண்டுக் கணக்கில் மணல் வடக்கேதான் போகிறது. சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினா அகன்றதும் ராயபுரம் அரிக்கப்பட்டதும் இதனால்தான். ஏரியின் வாயைத் திறந்து வைக்கும் ஓதமோ இங்கே ஒரு மீட்டர் அளவுக்கே ஏறி இறங்கும். அது போதாமல் ஆரணியாற்று வெள்ளம் வந்து மணலை அடித்துப் போக வேண்டும்.

சிக்கல் இதுதான்: அலை மணலை நகர்த்தினால் ஆழம் மாறும், ஆழம் மாறினால் அடுத்த அலை வேறிடத்தில் உடையும். ஒரு கணக்கின் விடை உடனுக்குடன் மற்றதற்குள் போய்த் திரும்ப வேண்டும். அலைக்குப் பத்து நொடி, ஓதத்துக்குப் பன்னிரண்டரை மணி நேரம், வாய் அடைபட மாதங்கள் என்று காலமும் ஒத்துப்போவதில்லை. இவற்றைக் கோக்கும் நெதர்லாந்தின் டெல்ஃப்ட்3டி மென்பொருளின் முக்கியப் பகுதிகள் 2011 முதல் திறந்த மூலமாகவே கிடைக்கின்றன. உரிமக் கட்டணத்தைச் சாக்காகச் சொல்ல முடியாது.

நம் சுற்றுச்சூழல் அறிக்கைகளிலோ அலைக்கு ஓர் அத்தியாயம், கரை அரிப்புக்கு இன்னொன்று, மீன்வளம் கடைசியில். ஒரே அட்டைக்குள் தைத்துவிட்டால் அது இணைந்த ஆய்வாகிவிடாது. கடலில் பொரிக்கும் இறால் குஞ்சு ஓதத்தோடு ஏரிக்குள் வந்து வளர்ந்து திரும்புகிறது. சுவர்களுக்கிடையே நீரின் வேகமும் உப்பும் மாறினால் அதன் வரத்து மாறும். மணல் திட்டு நகர்ந்தால் பாடு முறையில் முறைவைத்து வலையிடும் இடங்களும் நகரும். பாடு முறைக்கு எந்த அறிக்கையில் இடம்?

ஒடிசாவின் சிலிகா ஏரியில் புனே நீரியல் நிலையத்தின் மாதிரிகளை வைத்து 2000 செப்டம்பரில் புதிய வாய் வெட்டினார்கள். மீன்பிடி பல மடங்கு பெருகியது. 2008-இல் கடல் தானாகவே இன்னொரு வாயைத் திறந்துகொண்டது. ஒருமுறை ஓட்டி மூடி வைக்கிற மாதிரியால் பயனில்லை.

எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் முகத்துவாரத்துக்குத் தெற்கே, மணல் வரும் வழியில் இருக்கின்றன. இந்தக் கரையில் வரும் ஒவ்வொரு திட்டமும் தன் எல்லைக்குள் மட்டும் கணக்குப் போட்டால், வடக்கே வந்து சேரும் மணல் எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. ஏரியிலிருந்து தள்ளி, ரயில் பாதையோரம் இருக்கும் அனுப்பம்பட்டுக்கும் இதில் பங்குண்டு: அதைச் சுற்றியுள்ள மீஞ்சூர் வட்டாரக் கிணறுகளில் கடல்நீர் ஏறிய கதை அரை நூற்றாண்டுப் பழசு. நிலத்தடி நீர்க் கணக்கையும் கடற்கரையோடு நிறுத்திவிடக் கூடாது.

சென்னைத் துறைமுகம் முதல் ஸ்ரீஹரிகோட்டா வரை ஒரே பொது மாதிரி வேண்டும். பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் அதைப் பராமரிக்கலாம். எந்தத் திட்டமும் அதில் ஓடித் தேறியபின் அனுமதி பெறட்டும். முதல் தேர்வாக 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயல் வெள்ளத்தை ஓட்டிப் பார்க்கலாம். வாய் எங்கே, எவ்வளவு மாறியது என்று மாதிரி சொல்வதைப் பழவேற்காட்டுக் குப்பங்களில் கூட்டம் போட்டு வாசித்தால், சரியா தவறா என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள்.