புத்தாண்டும் படப்பெட்டியும்

புத்தாண்டு பிறந்ததும் உறுதி பூணுதல் நம்மனோர்க்கு இயல்பு. நிழற்படம் எடுப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட மாணவ நண்பர் சிலர், ‘நாளொன்றுக்கு ஒரு படம், ஆண்டிற்கு 365’ என்கின்றனர். வேறு சிலர் புதிய லென்ஸ் ஒன்று வாங்கத் துணிகின்றனர். அவர்தம் தந்தையார் பாடு இரங்கத்தக்கது! இவ்வுறுதிகள் படத்தொகையையும் செலவையும் பெருக்குமேயன்றிக் கண்ணைத் திருத்தா என்பதே என் துணிபு.

அமெரிக்க நாட்டு ஆன்செல் ஆடம்ஸ், 1941ஆம் ஆண்டில் ஒரு மாலைப்பொழுது நியூ மெக்சிகோவில் காரில் சென்றுகொண்டிருந்தார். ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூர்க்கு மேலே திங்கள் எழுந்திருந்தது. மறையுங் கதிரவனின் ஒளி கல்லறைச் சிலுவைகளின்மீது வீழ்ந்திருந்தது. ஒளியளக்குங் கருவியோ கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளி சதுர அடிக்கு 250 காண்டில் என்பது நெஞ்சில் நின்றமையால், அதனைக்கொண்டே கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுக்குமுன் சிலுவைகளைவிட்டு ஒளி நீங்கிற்று. கிடைத்த அவ்வொன்றையே உலகம் இன்றும் போற்றுகின்றது. அன்று அவர்க்கு உதவியது கருவியோ? கற்றுத் தெளிந்த அறிவன்றோ!

ஆதலின், நண்பர்காள், ஒளியைக் கற்பதையே இவ்வாண்டின் உறுதியாகக் கொள்ளலாகாதா? கல்லூரி வளாகத்து மரம் ஒன்றே போதும். விடியலிலும் உச்சியிலும் அந்தியிலும் அதன் நிழல் எங்ஙனம் நீள்கின்றது, மழை ஓய்ந்தபின் இலை எப்பொழுது மின்னுகின்றது எனப் பன்னாள் நோக்கிக் குறித்துவைத்துப் பின்னரே படம் எடுக்க. வாரம் ஒன்று எடுப்பினும் குறையில்லை. கைத்தொலைபேசியே இதற்கு மிகுதி. என் அறைத்தோழர் இதனைப் பித்து என்கின்றார். எனினும், மார்கழிப் பனியில் ஒருநாள் அவரும் போர்வையுடன் வந்து அம்மரத்தடியில் நின்றார்.